பள்ளி இடம் யாருக்கு? கொங்கு மண்ணில் 25 விழுக்காடு

2025ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் வர வேண்டிய ஓர் அறிவிப்பு வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்புதான் அது. ஆண்டுதோறும் 7,000க்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் இடம் தர வேண்டிய ஏற்பாடு, அந்தக் கோடையில் நின்றுபோனது.

காரணம் எல்லோரும் அறிந்ததுதான். தேசிய கல்விக் கொள்கையை ஏற்று பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட்டால்தான் சமக்ர சிக்ஷா நிதி என்று ஒன்றிய அரசு பிடிவாதம் பிடித்தது. 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. பணம் வரவில்லை, அதனால் சேர்க்கையைத் தொடங்க முடியவில்லை என்றது மாநில அரசு. கோவையிலிருந்து போன ஒரு பொதுநல வழக்கில் 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில் சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைத் தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்பதைக் காட்டி மாநில அரசு தன் சட்டக் கடமையிலிருந்து நழுவவும் முடியாது. பணம் ஓரளவு விடுவிக்கப்பட்டு, சேர்க்கை அட்டவணை வெளியானபோது அக்டோபர் பிறந்துவிட்டது. பள்ளி திறந்து நான்கு மாதங்கள் ஓடியிருந்தன.

அந்த அக்டோபர் ஏற்பாட்டை ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஜூன் மாதமே தனியார் பள்ளிகளில் சேர்ந்துவிட்ட குழந்தைகளிலிருந்து தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவது. இவ்வளவுதான் ஏற்பாடு. அதாவது, ஜூனில் கட்டணம் கட்ட முடிந்தவருக்குத்தான் அக்டோபரில் இலவசம். ஏப்ரலில் வாசலில் நின்று, மே முழுக்கக் காத்திருந்து, கட்ட வழியில்லாமல் வேறு பள்ளியில் சேர்த்தவர் கணக்கிலேயே இல்லை. கட்டணம் கட்ட முடியாத குழந்தைக்காக எழுதப்பட்ட சட்டத்தின் பலன், கட்டணம் கட்டிய குடும்பத்துக்குப் போனது.

இதை ஒன்றிய, மாநில அரசுகளின் சண்டையில் விளைந்த ஒரு விபத்தாக மட்டும் பார்த்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். மேட்டுப்பாளையம் போன்ற ஒரு கொங்கு நகரத்தில் நின்று பார்த்தால், இந்த 25 விழுக்காடு எந்த ஆண்டும் உரிய குழந்தையை எளிதில் சென்றடைந்ததில்லை. அதற்கான தடுப்புகள் சட்டத்தின் ஓரங்களிலேயே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது சாதி.

மூன்று வயதில் மூடும் கதவு

"பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்க்கலாம்?" என்று பேசிக்கொள்கிறோம். தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை அது காலம் கடந்த கேள்வி. சட்டத்தின் 12(1)(இ) பிரிவு ஒன்றாம் வகுப்பைச் சொல்கிறது. ஆனால் ஒரு பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் அங்கிருந்தே 25 விழுக்காடு தொடங்க வேண்டும் என்கிறது. இங்கே பெரும்பாலான தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. உண்டு. ஆகவே இடம் என்பது எல்.கே.ஜி.யில்தான். காலனிக் குழந்தை அங்கன்வாடியில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வயதிலேயே அந்தக் கதவு திறந்து மூடிவிடுகிறது. ஐந்து வயதில் விவரம் தெரிந்து வரும் பெற்றோரிடம், "நுழைவு வகுப்பில் மட்டும்தாங்க" என்று பதில் வருகிறது.

அடுத்தது நாள்காட்டி. பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் நவம்பர், டிசம்பரிலேயே அடுத்த ஆண்டுச் சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. பொங்கலுக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்கிறார்கள். அரசின் இணையதளம் திறப்பது ஏப்ரலுக்குப் பிறகு. வசதியுள்ளவர் தேர்ந்தெடுத்து முடித்த பிறகுதான் வசதியற்றவர் விண்ணப்பிக்கவே தொடங்குகிறார்.

பிறகு சான்றிதழ்கள். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, முகவரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் ஒரு வரிசை. அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிகள். உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கும், விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருக்கூட்டப் போகிற தூய்மைப் பணியாளருக்கும் ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

பிறகு தூரம். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குழந்தைக்கு முன்னுரிமை. அண்மைப் பள்ளி என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் நம் ஊர்களில் யார் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு நெடிய மதில் சரிந்து 17 பேர் மண்ணுக்குள் புதைந்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். அருந்ததியர் குடியிருப்பையும் பக்கத்து வீட்டையும் பிரித்து நின்ற அந்தச் சுவரை நாம் தீண்டாமைச் சுவர் என்றுதான் அழைத்தோம், இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம். இப்படிச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்ட நிலத்தின் மீதுதான் ஒரு கிலோமீட்டர் வட்டம் வரையப்படுகிறது. தனியார் பள்ளிகள் காரமடைச் சாலை, ஊட்டிச் சாலை, அன்னூர்ச் சாலை என்று நிலம் வாங்க முடிந்தவர்களின் பக்கம் நிற்கின்றன. ஊரும் புது லேஅவுட்டும் வட்டத்துக்குள் விழுகின்றன. ஓரத்துக்குத் தள்ளப்பட்ட காலனிகள் பல இடங்களில் வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இவ்வளவையும் தாண்டி இடம் கிடைத்தாலும் செலவு தீர்வதில்லை. அரசு பள்ளிக்குத் திருப்பித் தருவது கல்விக் கட்டணம் மட்டும். அதுவும் அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, பள்ளியின் கட்டணம் இரண்டில் எது குறைவோ அது. புத்தகம், சீருடை, ஷூ, வேன், ஆண்டு விழா உடை எல்லாம் பெற்றோர் தலையில் விழுகின்றன. இந்தக் குழந்தைகளின் புத்தகம், சீருடைச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. பள்ளி அலுவலகங்களில் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவார் இல்லை. "இலவச சீட்டுதான, இதையாவது கட்டுங்க" என்ற பேச்சுதான் இருக்கிறது.

யார் நலிவுற்றவர்?

நாம் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். இந்த 25 விழுக்காட்டுக்குள் இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று, 'நலிவடைந்த பிரிவினர்'. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவாக உள்ள எந்தக் குடும்பமும் இதில் வரும். மற்றது, 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. தமிழ்நாட்டில் இதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் எல்லோரும் அடக்கம். சாதிச் சான்று போதும், வருமான வரம்பு இல்லை.

இதன் பொருள் கொங்குப் பகுதியில் என்ன? இங்கே நிலமும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் போக்குவரத்து நிறுவனமும் தனியார் பள்ளிகளும் பெருமளவு எந்தச் சமூகத்தின் கையில் இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொங்கு வேளாளர் 1975 முதல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பத்து ஏக்கர் தோப்பும் இரண்டு காரும் உள்ள வீட்டுக் குழந்தையும், நகராட்சித் தூய்மைப் பணியாளரின் குழந்தையும் ஒரே பெயரில், ஒரே வரிசையில், ஒரே குலுக்கலில் நிற்கலாம். முதல் வீட்டில் மடிக்கணினி இருக்கிறது, சான்றிதழ்கள் தயாராக இருக்கின்றன, பள்ளியின் தாளாளர் சொந்தக்காரராகவே இருக்கலாம், வீடும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. குலுக்கல் நேர்மையாகவே நடந்தாலும், குலுக்கல் பெட்டிக்குள் யார் பெயர் போய்ச் சேர்ந்தது என்பது முன்பே முடிந்துவிட்ட விஷயம்.

இதைச் சொன்னதும் சிலர் மகிழ்வார்கள், "அப்படியானால் இடஒதுக்கீட்டிலும் கிரீமி லேயர் வேண்டும்தானே?" என்பார்கள். இல்லை. இடஒதுக்கீடு பிரதிநிதித்துவத்துக்கானது, அதற்கு வருமான அளவுகோல் பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு, கட்டணம் கட்ட முடியாததாலும் சாதியாலும் ஒரு வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தையை உள்ளே கொண்டுவருவதற்கான ஏற்பாடு. இரண்டையும் குழப்பக் கூடாது. கொங்கு வேளாளர் வீட்டு ஏழைக் குழந்தைக்கும் நான் எதிராகப் பேசவில்லை. வருமான அடிப்படையிலான பிரிவு அந்தக் குழந்தைக்குத் திறந்தே இருக்கிறது. சாதியால் விலக்கப்பட்ட குழந்தைக்கென்று வைத்த பிரிவில் சாதியால் ஆள்பவர்களையும் சேர்த்து நிறுத்தினால், அங்கே யார் முந்துவார்கள் என்பதுதான் என் கேள்வி.

தீர்வு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு பெரிய தொகுப்புக்குள் கடைசியில் நிற்பவருக்குத் தனிப்பங்கு வைக்காவிட்டால் அவர் பங்கு மறைந்துபோகும் என்பதை உணர்ந்துதான் 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உறுதிசெய்தது. அதே தர்க்கத்தில், 25 விழுக்காட்டுக்குள்ளும் பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடிக் குழந்தைகளுக்கு உறுதியான பங்கு வேண்டும். குறைந்தபட்சம், ஒவ்வொரு பள்ளியிலும் இந்த இடங்களில் எந்தப் பிரிவுக் குழந்தைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விண்ணப்பத்தோடு சாதிச் சான்றை வாங்குகிற அரசிடம் அந்தக் கணக்கு இல்லாமலா இருக்கும்?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்குள்ளானவர்கள், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளரின் குழந்தைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. நம் நகராட்சிகளில் துடைப்பம் பிடிக்கும் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

"நீங்க எந்தப் பக்கமுங்க?"

என் மகள் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். விசாரிப்பதற்காகச் சில பள்ளிகளுக்குப் போனேன். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார். பிஎச்.டி. செய்கிறேன் என்றதும் மரியாதை கூடியது. பிறகு கேட்டார்: "ஏனுங்க, வீடு எங்கீங்க?" சொன்னேன். "ஊருக்குள்ளயேங்களா, இல்ல அந்தப் பக்கமுங்களா?" அதையும் சொன்னேன். அதன் பிறகு பேச்சு கட்டணத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தது. "ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திங்க, யோசிச்சுக்குங்க" என்று அவரே எழுந்துகொண்டார்.

கொங்கு மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஊர் பெயர், தெரு பெயர், குலதெய்வம், 'எந்தக் கூட்டமுங்க' என்று நான்கு கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று சட்டத்தின் 13ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25 ஆயிரம், அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் "வீடு எங்கீங்க" என்ற கேள்வியை எந்த அதிகாரி தேர்வு என்று எழுதுவார்?

பெற்றோர் பேச்சில் 'நல்ல ஸ்கூல்' என்ற சொல்லுக்குள்ளும் இதுதான் ஒளிந்திருக்கிறது. 'அங்கே எல்லாம் நம்ம பசங்கதான் படிக்கறாங்க', 'அங்க கண்டவங்களும் வர மாட்டாங்க' என்பவை ஆசிரியர் தரத்தைப் பற்றிய மதிப்பீடுகள் அல்ல. கட்டணம் உயர உயர வகுப்பறையில் யார் இருக்க மாட்டார்கள் என்ற உறுதியும் உயர்கிறது. அந்த உறுதிக்காகவும்தான் பணம் கட்டுகிறார்கள். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து 'பிராய்லர்' பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது மதிப்பெண் வெறியை மட்டும் பேசுகிறோம். சாதி வலைப்பின்னலாகவும் அவை இயங்குவதைப் பேசத் தயங்குகிறோம்.

கட்டணம் கட்டி உள்ளே போய்விட்டால் சாதி வெளியே நின்றுவிடுமா? 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு வட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில், மாதவிடாய்க் காலத்தில் இருந்த எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வைத்துத் தேர்வெழுத வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.

அரசுப் பள்ளி மட்டும் சாதியற்ற தீவா? 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்கும் பாப்பாள் அருந்ததியர் என்பதற்காக அவர் சமைக்கவே கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2022இல் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியர் கைதானார். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவைத் தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகக் குழந்தைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அங்கே சாப்பிட வேண்டியிருந்தது. எல்லாமே கொங்கு மண்டலமும் அதன் ஓரமும்தான்.

ஆகவே ஒரு தலித் பெற்றோருக்கு 'சாதியில்லாத பள்ளி' என்ற ஒரு தேர்வே கிடையாது. எந்த இடத்தில் அவமானம் குறைவாக இருக்கும், எந்த இடத்தில் பிள்ளை முன்னேறும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும் என்ற கணக்கை மட்டுமே அவர் போட முடியும். அந்தக் கணக்கில் அவர் எந்த விடைக்கு வந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

தோழர்கள் கேட்கும் கேள்வி

"அரசுப் பணத்தைத் தனியார் முதலாளிக்குக் கொடுப்பதுதானே இந்த 25 விழுக்காடு? அரசுப் பள்ளியை இதுதானே காலி செய்கிறது?" என்று முற்போக்கு நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில், ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி 25 விழுக்காடு தரத் தேவையில்லை என்று விதியை மாற்றியபோது இந்த வாதத்தைத்தான் முன்வைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசுப் பள்ளி மீது வந்த பாசத்தில் அந்த விதி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விதி மாறியிருந்தால் நிம்மதியடைந்திருப்பவை, ஏழைக் குழந்தைகளை உட்கார வைக்க விரும்பாத தனியார் பள்ளிகள்தான்.

அரசுப் பள்ளியைக் காலி செய்தது யார்? 1970களின் இறுதியில் தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளிகள் சில பத்துகளில்தான் இருந்தன. பிறகு அவை ஆயிரக்கணக்கில் பெருகின. அங்கே முதலில் போனவர்கள் காலனிக் குழந்தைகள் அல்லர். அரசு ஊழியர், ஆசிரியர், கட்சி நிர்வாகி, வணிகர், நிலவுடைமையாளர் ஆகியோரின் குழந்தைகளே போனார்கள். கேள்வி கேட்கும் செல்வாக்கு உள்ள பெற்றோர் அத்தனை பேரும் வெளியேறிய பிறகுதான் அரசுப் பள்ளியின் ஓட்டை ஓடும் நிரப்பப்படாத பணியிடமும் யாருடைய பிரச்சினையும் இல்லாமல் போயின. முப்பது, நாற்பது ஆண்டுகள் அவர்கள் வெளியேறியபோது வராத கவலை, இலவச இடத்தில் ஓர் அருந்ததியர் குழந்தை வெளியேறும்போது வருகிறது.

என் தங்கை ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். மகனை எல்.கே.ஜி.யில் இந்த 25 விழுக்காட்டில் சேர்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம். என் மகளை நகராட்சித் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது அவள் சொன்னாள்: "அண்ணா, உன்ற புள்ளைக்கு வூட்லயே இங்கிலீசு சொல்லித் தர நீ இருக்கற. என்ற பையனுக்கு ஆரு இருக்கறா?" நான் நகராட்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது கொள்கையால்தான், ஆனால் அந்தக் கொள்கையைத் தாங்க எனக்கு ஒரு பட்டமும், புத்தக அலமாரியும், பள்ளிக்குப் போய்க் கேள்வி கேட்கும் துணிவும் இருக்கின்றன. அவளிடம் இவை எதுவும் இல்லாதபோது என் கொள்கையை அவள் மகன் முதுகில் ஏற்றிவைக்க முடியாது.

அந்தச் சுமையை ஏற்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2011 ஜூனில் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், தமிழ் வழியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தார். நாடே வியந்து பேசியது. ஓர் ஆட்சியர் தன் ஆட்சியின் கீழுள்ள பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்ப்பது செய்தியாவதே நம் நிலைமையைச் சொல்கிறது. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்க வைக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அந்த ஆணை காகிதத்திலேயே நின்றது. கோத்தாரிக் குழு 1966இலேயே பரிந்துரைத்த அண்மைப் பள்ளி, பொதுப்பள்ளி முறையும் அப்படித்தான். பாடத்திட்டத்தில் சமச்சீர் கொண்டுவர நம்மால் முடிந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் அதைக் காப்பாற்றினோம். ஆனால் புத்தகம் ஒன்றானது, பெஞ்சு ஒன்றாகவில்லை.

பெஞ்சு ஒன்றானால் என்ன ஆகும்? பொருளியலாளர் கௌதம் ராவ் தில்லியின் உயர்கட்டணப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார். அரசு ஆணையால் ஏழைக் குழந்தைகள் வந்து சேர்ந்த வகுப்புகளில், பணக்கார வீட்டுக் குழந்தைகள் ஏழைகளிடம் பாகுபாடு காட்டுவது குறைந்தது. பகிர்ந்துகொள்ளும் குணமும் கூடியது. 'தரம் கெட்டுவிடும்' என்ற பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது: ஆங்கிலத்தில் சிறு சரிவைத் தவிர மதிப்பெண்கள் குறையவில்லை. எனவே இந்த 25 விழுக்காடு ஏழைக் குழந்தைக்குச் செய்யும் தர்மம் இல்லை. சாதிப் பெருமிதத்தோடு வளரும் குழந்தைக்கு ஒரு சக மனிதரைப் பக்கத்தில் உட்கார வைக்கும் கல்வியும்கூட. 25 விழுக்காட்டுக் குழந்தைகளை ஒதுக்கித் தனி வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று விதிகள் சொல்வது இதற்காகத்தான்.

இந்தக் கோடையில்

இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளம் தோழர்கள் பலருக்கு இன்னும் குழந்தை இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள். அண்ணல் பிறந்தநாளான ஏப்ரல் 14க்குக் கொடி கட்டும் கையோடு செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

காலனியில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளின் பட்டியலை எடுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இல்லாதவர்களுக்கு இணையதளம் திறப்பதற்குள் வாங்கித் தாருங்கள். தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை இருப்பதைச் சொல்லுங்கள். குலுக்கல் நடக்கும் நாளில் பெற்றோரோடு நீங்களும் பள்ளிக்குப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பள்ளியின் நுழைவு வகுப்பிலும் மொத்தம் எத்தனை இடம், அதில் 25 விழுக்காடு எத்தனை, யார் யாருக்குப் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டாம் வகுப்போடு சட்டத்தின் பாதுகாப்பு முடிகிறது என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. இந்த ஒரு தகவல் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே அக்கறையோடு அரசுப் பள்ளிக்கும் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் குழுவில் காலனித் தாய்மார்கள் இருக்கிறார்களா, இருந்தால் கூட்டத்தில் பேச முடிகிறதா என்று பாருங்கள். காலை உணவை யார் சமைக்கிறார், யார் பிள்ளைகள் சாப்பிடாமல் போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, இடைநிலைச் சாதிகளில் பிறந்து சாதி ஒழிப்பு பேசும் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் திருமணத்தில் சாதி பார்க்கவில்லை, தாலி கட்டவில்லை, பாராட்டுகிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை அடுத்து வருகிறது. உங்களிடம் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் தெருவில் உள்ள பள்ளிக்குப் போய் நம் பிள்ளைகள் உட்காரும் அதே பெஞ்சில் உங்கள் பிள்ளையை உட்கார வையுங்கள். தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை நீட்டி இந்த 25 விழுக்காட்டில் ஓர் இடத்தை எடுக்காதீர்கள்; அந்த வகுப்பில் உரிய எண்ணிக்கையில் காலனிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நாங்கள் கேட்டால் சலுகை கேட்கிறோம் என்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.